பத்து வாரக் குட்டி கடிக்கிறது, ஹாலை நனைக்கிறது: அடித்துத் திருத்தலாமா?

கேள்வி சுருக்கமாக இது: பத்து வார ஆண் லேப்ரடார் குட்டி. முப்பத்தைந்து நாளில் வாங்கி வந்தது. மூன்றாவது மாடி வீடு. கை, கால், ஆறு வயது மகளின் பாவாடை என்று கண்டதையெல்லாம் கடிக்கிறது. ஹாலிலும் கால்மிதியிலும் சிறுநீர் கழிக்கிறது, செருப்பைக் குதறுகிறது, ராத்திரி அழுகிறது. பேப்பரைச் சுருட்டி நாலு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? இல்லையென்றால் வேறு என்ன செய்வது?

அடிக்க வேண்டாம். பேப்பரால் தட்டுவது, மூக்கைக் கொண்டுபோய்ச் சிறுநீரில் தேய்ப்பது, வாயை இறுக்கிப் பிடிப்பது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது, செருப்பில் மிளகாய்த் தூள் தடவி வைப்பது, எதுவும் வேண்டாம். குட்டி பாவம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், இவை எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை.

நாய் ஒரு செயலையும் அதன் விளைவையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு விநாடிதான் இருக்கலாம். பத்து நிமிஷத்துக்கு முன்னால் நனைத்த இடத்தைக் காட்டி அடித்தால், குட்டி படிக்கிற பாடம் “தரையில் ஈரம் இருக்கும்போது இவர் வந்தால் அடி விழும்” என்பது மட்டுமே. சிறுநீர் கழிக்கும்போதே பிடித்து அடித்தால் விளைவு இன்னும் மோசம்: “மனிதர் பார்க்கும்போது கழிக்கக் கூடாது” என்று படித்துக்கொள்ளும். பிறகு கீழே கூட்டிப்போய் அரை மணி நேரம் நின்றாலும் உங்கள் கண்ணெதிரே கழிக்காது. வீட்டுக்குள் வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்க் கழிக்கும். வேண்டுமென்றே செய்கிறது என்று வீட்டார் கோபப்படும் பல வழக்குகளின் ஆரம்பம் இந்த அடிதான்.

“தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்” என்று பெரியவர் சொல்லக்கூடும். காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கிக்கொண்டு நிற்கும் அந்த முகத்தை 2009-ல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்துச் சோதித்தார். தின்னக் கூடாததைத் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. ஒன்றுமே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அதே முகத்தைக் காட்டியது. அது நம் கோபத்துக்கு அஞ்சி நிற்கும் முகம்.

“தலைவன் யார் என்று காட்ட வேண்டும்” என்பது இன்னொரு நம்பிக்கை. 1947-ல் ருடால்ஃப் ஷென்கெல், கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்தது அது. அந்தக் கருத்தைப் பின்னாளில் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம், அங்கே பதவிச் சண்டை அரிது என்று 1999-ல் திருத்தி எழுதினார். உங்கள் வீட்டுக் குட்டி பதவிக்குப் போட்டியிடவில்லை. அதற்குப் பல் கூசுகிறது, மூத்திரப்பை சிறியது, தூக்கம் போதவில்லை, ராத்திரி தனியாக இருக்கப் பயம். நான்கையும் தனித்தனியாகக் கவனித்தால் தொல்லைகள் ஒவ்வொன்றாகக் குறையும்.

முதலில் கடி. உங்களை அதிகம் வருத்துவது அதுதான்.

குட்டியின் வாயில் மொத்தம் 28 பால் பற்கள். தாடைக்கு வலு இல்லை, ஆனால் பல் ஊசி முனை மாதிரி. விளையாட்டில் கொஞ்சம் அழுத்தினாலே கூடப் பிறந்த குட்டி வீலென்று கத்திவிட்டு விலகிவிடும், விளையாட்டு அதோடு நின்றுபோகும். எவ்வளவு அழுத்தினால் எதிராளிக்கு வலிக்கும் என்ற கணக்கைக் குட்டிகள் இப்படித்தான் கற்கின்றன. இந்தப் பாடம் மும்முரமாக நடப்பது ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை. உங்கள் குட்டியை அந்தப் பாடம் தொடங்கும்போதே பிரித்துவிட்டார்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. விற்பவர்கள் பலர் இன்னும் முப்பது, முப்பத்தைந்து நாளிலேயே கைமாற்றுகிறார்கள். அந்த மூன்று வாரப் பாடத்தை இனி நீங்கள் நடத்த வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடித்த உடனே கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுகிற பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. இழுத்த கை இன்னும் நல்ல விளையாட்டுப் பொருளாகிவிடும், பல் கீறி ரத்தமும் வரும். கையைத் தளர்த்தி அப்படியே அசையாமல் வையுங்கள். “ஆ” என்று ஒருமுறை சொல்லலாம். சில குட்டிகள் அந்தச் சத்தத்தில் திகைத்து விடும், சில இன்னும் உற்சாகமாகிப் பாயும். உங்களுடையது இரண்டாவது ரகம் என்றால் சத்தமே வேண்டாம். பல் விலகியதும் பக்கத்தில் கிடக்கும் பொம்மையை நீட்டுங்கள். பொம்மையைக் கவ்வினால் இரண்டு நிமிஷம் சேர்ந்து விளையாடுங்கள். கையை விட்டதற்கு அதுதான் கூலி. பொம்மையை விட்டுவிட்டு மறுபடி கைக்கு வந்தால் பேசாமல் எழுந்து, குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். இருபது, முப்பது விநாடி போதும். ஐந்து நிமிஷம் போனால் எதற்காகப் போனீர்கள் என்பதே குட்டிக்கு மறந்திருக்கும். திரும்பி வந்து ஒன்றும் நடக்காதது போல விளையாட்டைத் தொடருங்கள். நீங்கள்தான் விலக வேண்டும். குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூண்டில் அடைத்தால் கூண்டு தண்டனையாகிவிடும், ராத்திரி அதில் படுக்காது.

பொம்மையின் நீளம் முக்கியம். சாவிக்கொத்து அளவு ரப்பர் பொம்மையைக் கையில் பிடித்தால் குட்டி கவ்வுவது பாதி பொம்மை, பாதி விரல். குறைந்தது இரண்டு அடி நீளம் வேண்டும். பழைய பருத்தி வேட்டியையோ துண்டையோ மூன்று பட்டையாகக் கிழித்துச் சடை பின்னி, இரு முனையிலும் முடிச்சுப் போட்டால் நல்ல பொம்மை. முகத்துக்கு நேரே ஆட்டாமல், தரையோடு தரையாகப் பாம்பு போல இழுத்துச் செல்லுங்கள். தடவுகிற விதமும் கடியைக் கூட்டும், குறைக்கும். தலைக்கு மேலிருந்து இறங்கி வரும் கையைக் கவ்வத்தான் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் கடிக்கும் பொம்மையைக் கொடுத்துவிட்டு மறு கையால் மார்பையும் தோளையும் மெதுவாகத் தடவுங்கள்.

முதல் இரண்டு, மூன்று வாரம் அழுத்தமான கடிக்கு மட்டும் விலகுங்கள். கடி மெதுவான பிறகு, பல் தோலில் பட்டாலே விலகுங்கள். ஆரம்பத்திலேயே வாயே படக்கூடாது என்று கறாராக இருந்தால், மெதுவாகக் கடிப்பது எப்படி என்று குட்டி பழகாமலேயே வளர்ந்துவிடும். என்றைக்காவது வலியிலோ பயத்திலோ அது கடிக்க நேர்ந்தால், லேசான காயமா, தையல் போட வேண்டிய காயமா என்பதை இந்தப் பழக்கம்தான் முடிவு செய்யும்.

மாலை ஆறு மணிக்கு மேல் வெறி பிடித்தது போல ஹாலைச் சுற்றி ஓடி, காலைக் கடித்து, சோபா மேல் பாய்ந்தால் அதற்குத் தூக்கம் போதவில்லை என்று பொருள். இந்த வயதுக் குட்டி நாளுக்கு 18 மணி நேரம், சில நாள் 20 மணி நேரம்கூடத் தூங்க வேண்டும். வீட்டில் ஆள் நடமாட்டம், டிவி, பள்ளி விட்டு வந்த பிள்ளை எல்லாம் சேர்ந்து அதைத் தூங்க விடுவதில்லை. ஒரு மணி நேரம் விழிப்பு, பிறகு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் இருட்டான, விசிறி ஓடும் மூலையில் படுக்கை என்று நாளை ஓட்டிப் பாருங்கள். மூன்று முறை விலகியும் கடி நிற்கவில்லையா? அதற்கு மேல் பாடம் ஏறாது. வெளிக்குக் கூட்டிப்போய்விட்டு, மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்துப் படுக்க வையுங்கள்.

மகள் விஷயம். பாவாடை ஆடுகிறது, சின்னக் கால்கள் ஓடுகின்றன, கத்தும் குரல் கீச்சென்று இருக்கிறது. குட்டிக்கு இதைவிட நல்ல பொம்மை கிடையாது. குட்டி பாய்ந்தால் ஓடாமல் மரம் போல நிற்கவும், கையை மடித்து அக்குளில் வைத்துக்கொள்ளவும், கூரையைப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். விளையாட்டாகப் பத்து முறை குட்டி இல்லாதபோதே ஒத்திகை பாருங்கள். அந்த நேரம் பெரியவர் ஒருவர் கைப்பிடித் தீனியைத் தள்ளித் தரையில் இறைத்தால் குட்டி மோப்பம் பிடித்து அங்கே போய்விடும். சில வாரங்களுக்கு வீட்டில் பாவாடைக்குப் பதில் லெக்கிங்ஸ் போடட்டும். இருவரையும் தனியாக ஒரு நிமிஷம்கூட விடாதீர்கள். அவளுக்கென்று ஒரு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, குட்டி உட்காரும்போதெல்லாம் ஒரு தீனி மணியைத் தரையில் போடுவது. இரண்டு வாரத்தில் அவளைப் பார்த்ததும் பாய்வதை விட்டு உட்காரத் தொடங்கும்.

பல் பட்டுத் தோல் கீறி ரத்தம் வந்தால், சொந்த வீட்டுக் குட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்குப் பொதுவாக மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள். உங்கள் குட்டிக்கு இன்னும் அந்த வயதாகவில்லை.

அடுத்தது சிறுநீர். இங்கே கண்டிப்பைவிடக் கடிகாரம்தான் வேலை செய்யும்.

பத்து வாரக் குட்டி பகலில் சும்மா படுத்திருக்கும்போது இரண்டரை, மூன்று மணி நேரம் அடக்கலாம். விளையாடும்போது முப்பது, நாற்பது நிமிஷம்தான். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு ஐந்து முதல் இருபது நிமிஷத்துக்குள், விளையாட்டின் நடுவே திடீரென்று நின்று தரையை மோந்து வட்டமிடும்போது, இந்த மூன்று வேளையிலும் தூக்கிக்கொண்டு போங்கள். நடத்திக் கூட்டிப்போனால் வழியிலேயே போய்விடும். தூக்கினால் பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும். மூன்று நாளைக்கு ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எப்போது தின்றது, எப்போது தூங்கி எழுந்தது, எப்போது போனது என்று குறியுங்கள். நான்காம் நாள் குட்டியின் நேரம் உங்களுக்கே பிடிபடும்.

மூன்றாவது மாடியிலிருந்து ஒவ்வொரு முறையும் இறங்குவது நடவாத காரியம். தடுப்பூசி வரிசை முடியாமல் தெருநாய் நடமாடும் மண்ணில் விடுவதும் ஆபத்து, பார்வோ என்ற கொடிய குடல்நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே இப்போதைக்குப் பால்கனியிலோ துணி துவைக்கும் இடத்திலோ ஓர் இடத்தை ஒதுக்குங்கள். இரண்டடிக்கு மூன்றடி பிளாஸ்டிக் தட்டு, அதன் மேல் செயற்கைப் புல் பாய் அல்லது நாலைந்து அடுக்கு நாளிதழ். முதலில் நனைந்த தாளில் ஒரு துண்டைப் புதுத் தாளுக்கு அடியில் வைத்தால் வாடை வழிகாட்டும். தடுப்பூசிகள் முடிந்து கால்நடை மருத்துவர் சொன்ன பிறகு கீழே பழக்கலாம். முதல் சில நாள் அந்தப் புல் பாயையே கீழே கொண்டுபோய்ப் போட்டால் மாற்றம் எளிது.

அங்கே கொண்டுபோய் விட்டதும் “ஒண்ணுக்குப் போ” என்று ஒரே முறை சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கொஞ்சினால் கவனம் உங்கள் மேல் திரும்பிவிடும். ஐந்து நிமிஷம் பாருங்கள். போய் முடித்த அடுத்த விநாடி, அந்த இடத்திலேயே, ஒரு பொட்டுக்கடலை அளவு வேகவைத்த கோழித் துண்டு கொடுங்கள். எல்லோரும் செய்யும் பிழை, தீனியைச் சமையலறையில் வைத்துவிட்டு “சபாஷ்” சொல்லி அழைத்து வந்து கொடுப்பது. அப்போது குட்டிக்குக் கூலி கிடைத்தது சமையலறைக்கு வந்ததற்கு. இன்னொன்று, பாதி போகும்போதே பாராட்டுவது. பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வரும், மிச்சம் ஹாலில். ஐந்து நிமிஷத்தில் போகவில்லையென்றால் உள்ளே கூட்டி வந்து மடியிலோ கூண்டிலோ பத்து நிமிஷம் வைத்திருந்து மறுபடி கொண்டுபோங்கள். தரையில் இறக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள்.

கால்மிதியில் ஏன் போகிறது? எட்டு, ஒன்பது வார வயதில் கால் அடியில் எந்தப் பரப்பு இருந்தால் கழிப்பது என்ற விருப்பம் குட்டிக்கு உருவாகிறது. மிருதுவாக, ஈரத்தை உறிஞ்சுவதாக இருந்தால் பிடிக்கும். டைல்ஸில் போனால் பாதத்தில் தெறிக்கும். குட்டியின் கணக்கில் கால்மிதியும் நீங்கள் விரிக்கும் பாயும் ஒன்றே. ஆறு வாரத்துக்கு வீட்டிலுள்ள எல்லா மிதியடி, கம்பளத்தையும் எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

தப்பு நடக்கும்போதே பார்த்தால் மெல்ல “வா வா” என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய், மிச்சத்தைச் சரியான இடத்தில் முடிக்க விடுங்கள். நடந்து முடிந்த பின் பார்த்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் துடையுங்கள். பழைய தாளால் முதலில் ஒற்றி எடுங்கள். அப்படியே மாப் போட்டால் அந்த ஒரு கை அகலத்தை ஹால் முழுக்கப் பூசிவிடுவீர்கள், குட்டியின் மூக்குக்கு ஹால் முழுக்கக் கழிப்பிடம். ஒற்றிய பிறகு தண்ணீர் விட்டுத் துடைத்து, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும், சிறுநீர் வாடையைச் சிதைக்கும் என்ஸைம் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிஷம் ஊற விடுங்கள். அது கிடைக்காவிட்டால் வினிகரும் தண்ணீரும் சம அளவு. பினாயில் நம் மூக்குக்கு வாடையை மறைக்கும், நாயின் மூக்குக்கு மறைக்காது. ஈரம் காயுமுன் பாதத்தில் ஒட்டி, நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது.

தண்ணீரைக் குறைத்து இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். நம் வெயிலுக்கு அது ஆபத்து. சாப்பாட்டை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள்: நாளுக்கு நான்கு வேளை, மூன்று மாதத்துக்கு மேல் மூன்று வேளை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிஷம் வைத்துவிட்டுத் தட்டை எடுத்துவிட வேண்டும். விருந்தாளி வந்ததும் குனிந்து சொட்டுச் சொட்டாகப் போவது வேறு விஷயம். அது பணிவிலும் பரபரப்பிலும் வருவது, திட்டினால் கூடும். வருகிறவர் குனிந்து தடவாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, குட்டி தானாக வரும்வரை காத்திருந்தால் போதும். வளர வளரப் பெரும்பாலான குட்டிகளில் நின்றுவிடும்.

செருப்பு. வாசலில் கிடக்கிற வரைக்கும் செருப்பைக் குட்டி தன்னுடையது என்றே நினைக்கும். அலமாரிக்குள் ஏற்றுங்கள். பழைய செருப்பைக் கடிக்கக் கொடுக்காதீர்கள். பழசு எது, கல்யாணத்துக்குப் போட வைத்திருக்கும் புதுசு எது என்று அதற்குத் தெரியாது, இரண்டிலும் உங்கள் வாசனைதான். எதையாவது தூக்கிக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள், துரத்தினால் விளையாட்டு. துரத்திப் பிடித்து வாயைப் பிளந்து பிடுங்கினால் அடுத்த முறை அவசரமாக விழுங்கிவிடும். அதன் மூக்கருகே கோழித் துண்டை நீட்டி, வாய் திறக்கும்போது “விடு” என்று சொல்லி, துண்டைக் கொடுத்துப் பொருளை எடுங்கள். ஆபத்தில்லாத பொருளாக இருந்தால் திருப்பியும் கொடுங்கள். விட்டால் நஷ்டமில்லை என்று தெரிந்த நாய் எதையும் விடும். நாளைக்கு ஐந்து முறை, பொம்மையை வைத்துப் பழக்குங்கள்.

நான்காம் மாதத்திலிருந்து ஆறாம், ஏழாம் மாதம்வரை பால் பல் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கும். கடிக்கும் வெறி அப்போது இன்னும் ஏறும், திருந்தியது மறுபடி கெட்டுவிட்டதே என்று மனம் தளர வேண்டாம். துண்டை நனைத்து முறுக்கி உறைய வைத்துக் கொடுங்கள், குளிர்ந்த முழு காரட்டைக் கையில் பிடித்தபடி கொடுங்கள், உள்ளே குழியுள்ள ரப்பர் பொம்மையில் தயிர்சாதத்தை உப்பில்லாமல் அடைத்து உறைய வைத்துக் கொடுங்கள். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். தேங்காய் மட்டை நார் குடலில் அடைத்துக்கொள்ளும். கண்டதைக் கடிக்கும் இந்த வயதில் வீட்டில் இவை எட்டாமல் இருக்க வேண்டும்: அரளிச் செடி, அந்துருண்டை, கொசுவிரட்டித் திரவம், எலி மருந்து, மாத்திரை அட்டை, சாக்லேட், திராட்சையும் உலர் திராட்சையும், வெங்காயம், சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம், சார்ஜர் ஒயர்.

ராத்திரி அழுகைக்கு விடை ரொம்பச் சின்னது. படுக்கையை ஹாலிலிருந்து உங்கள் கட்டில் பக்கத்துக்கு மாற்றுங்கள். பிறந்ததிலிருந்து இன்னொரு உடம்பின் சூட்டில் தூங்கிய குட்டி அது. நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு ஒரு கூண்டோ உயரமான அட்டைப் பெட்டியோ போதும். கையைத் தொங்கவிட்டால் அதற்கு எட்ட வேண்டும். கடைசிச் சாப்பாடு ஏழு மணிக்கு, கடைசியாகக் கழிப்பது பதினொன்றுக்கு, நடுவில் இரண்டரை மணி வாக்கில் அலாரம் வைத்து ஒரு முறை. அந்த நேரம் விளக்குப் போடாமல், பேசாமல், போய்விட்டு வந்து படுக்க வையுங்கள். அழுதழுது ஓயட்டும் என்று கதவைச் சாத்தினால் சில குட்டிகள் ஓயும், சில தனிமை என்றாலே நடுங்கும் நாயாக வளரும். ஒரு வாரம் நன்றாகத் தூங்கிய பிறகு, தினம் ஒரு முழம் என்று படுக்கையைக் கதவுப் பக்கம் நகர்த்தலாம்.

மேலே தாவுவதற்கும் சாப்பிடும்போது கெஞ்சுவதற்கும் மருந்து ஒன்றுதான்: நாலு காலும் தரையில் இருந்தால் கவனம், தீனி, தடவல் எல்லாம், தாவினால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. முட்டியால் நெஞ்சில் இடிக்க வேண்டாம். இந்தப் பயிற்சி கெடுவது வீட்டார் ஒத்துப்போகாததால். நீங்கள் ஒன்பது முறை திரும்பிக்கொண்டு, தாத்தா பத்தாவது முறை தட்டிலிருந்து ஓர் இட்லித் துண்டு போட்டால், பத்து முறை கெஞ்ச வேண்டும் என்று அது படித்துவிடும். கவனிக்காமல் விடத் தொடங்கிய முதல் மூன்று, நான்கு நாள் கெஞ்சலும் குரைப்பும் கூடும். பலிக்கவில்லை என்று அந்த நேரம் பார்த்து விட்டுக்கொடுத்தால் கூடின குரைப்புக்கே கூலி கொடுத்ததாகும். ஒருவர் “உட்கார்”, ஒருவர் “சிட்”, ஒருவர் “ஒக்காருடா” என்றாலும் குழப்பம்தான். நாலு சொல்லை முடிவுசெய்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

தொல்லை தாங்காமல் மொட்டை மாடியிலோ கேட்டிலோ சங்கிலியில் கட்டிப்போடும் எண்ணம் வந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். பார்க்கிறதை எட்ட முடியாத ஏமாற்றம் நாளடைவில் குரைப்பாகவும் பாய்ச்சலாகவும் மாறும். அதைவிட, இந்த வயதில் கட்டிப்போட்டால் இழப்பது திரும்பக் கிடைக்காத காலம். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டு, பதினான்கு வாரம்வரை பார்ப்பதையும் கேட்பதையும்தான் நாய் வாழ்நாள் முழுக்கச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் என்பதை ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவரின் நீண்ட கால ஆய்வு 1965-ல் நிறுவியது. உங்களுக்கு மிச்சம் நான்கு வாரம். குக்கர் விசில், மிக்ஸி, ஆட்டோ, குடை, தாடி வைத்தவர், ஊன்றுகோல் பிடித்த பாட்டி, சத்தம் போடும் பிள்ளைகள் எல்லாவற்றையும் தினம் இரண்டு மூன்றாக, தூக்கி வைத்துக்கொண்டே காட்டுங்கள். விசில் கேட்டதும் ஒரு தீனி, மிக்ஸி ஓடியதும் ஒரு தீனி, முதலில் அடுத்த அறையிலிருந்து. வளர்ந்த நாய் கடிக்கும் கடியில் பெரும் பங்கு பயத்தில் வருவது. அந்தக் கடிக்கான சிகிச்சை இப்போதே, இந்த நான்கு வாரத்தில்தான்.

இன்னும் நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வரக்கூடும்: சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுவது. உறுமலுக்குத் திட்டவே கூடாது. “எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ” என்று நாய் சொல்லும் ஒரே நாகரிகமான வழி அது. அடித்து உறுமலை நிறுத்தினால் பிடிக்காமை அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு சத்தமில்லாமல் கடிக்கும். பழக்குவதற்காகத் தட்டுக்குள் கைவிட்டு அளைவதும் வேண்டாம், அதுதான் பல நாய்களை உறும வைக்கிறது. தட்டிலிருந்து நாலு அடி தள்ளி நடந்துபோகும்போது, தட்டில் இருப்பதைவிட நல்லதாக ஒரு துண்டை, அவித்த முட்டையோ கோழியோ, தட்டுக்குள் போட்டுவிட்டு நிற்காமல் போங்கள். ஒரு வேளைக்கு இரண்டு முறை. நீங்கள் வரும்போது வாலாட்டி நிமிர்ந்து பார்க்கத் தொடங்கியதும் மூன்று அடி, பிறகு இரண்டு. மகள் இதைச் செய்ய வேண்டாம். குட்டி சாப்பிடும்போது அவள் கேட்டுக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும்.

பழக்கம் என்று நினைப்பதில் சில நோயாகவும் இருக்கும். இருபது நிமிஷத்துக்கொரு முறை சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம். மலத்தையோ மண்ணையோ தின்றால் குடற்புழுவையும் பார்க்க வேண்டும்; குடற்புழு நீக்க மருந்து பன்னிரண்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதன் பின் ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறை என்பது வழக்கமான கணக்கு. தொட்டதும் கத்தினால், விளையாட்டில்லாமல் உடம்பு விறைத்துக் கண் குத்திட்டுக் கடித்தால், நேற்றுவரை துள்ளியது இன்று சாப்பிடாமல் சுருண்டு படுத்து வாந்தியோ ரத்தக் கழிச்சலோ கண்டால் பயிற்சியை அப்படியே விட்டுவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பார்வோவில் ஒரு நாள் தாமதமும் உயிரைக் கொண்டுபோய்விடும்.